இருத்தல் என்னும் வேலை

முல்லைத் திணையின் உரிப்பொருள் இருத்தல் என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறேன். தலைவன் வினைமேற் சென்றிருக்கிறான், கார்காலத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போயிருக்கிறான், தலைவி ஆற்றியிருக்கிறாள். மாணவிகள் குறிப்பெடுத்துக்கொள்வார்கள். ஒருமுறை ஒருத்தி மட்டும் எழுதாமல் கேட்டாள்: "அதுவரைக்கும் அவ என்ன மேடம் செஞ்சிட்டிருந்தா?" தேர்வில் வராத கேள்வி. ஆனால் இருத்தலுக்கு நாம் சொல்லிவரும் பொருளையே அது ஆட்டிவிட்டது. இருப்பவள் சும்மா இருக்கிறாள் என்றும், வருபவன்தான் எதையோ கொண்டுவருகிறான் என்றும் நாம் எப்போது முடிவு செய்தோம்?

மழையிடமும் நாம் இப்படித்தான் நடந்துகொள்கிறோம். ஐப்பசியில் மழை இறங்கியதும் "தோட்டம் உயிர்பெற்றுவிட்டது" என்கிறோம். உயிர் போயிருந்தால் எந்த மழைக்கும் அது திரும்பியிருக்காது. பங்குனியிலிருந்து புரட்டாசி வரை அந்த உயிரை யாரோ பிடித்து வைத்திருந்தார்கள். நன்றி யாருக்கு உரியது, திரும்பி வந்த மழைக்கா, அதுவரை காத்தவளுக்கா? ஒழுக்கவியலில் இதைச் சின்னக் கேள்வி என்று ஒதுக்குபவர்கள் கோடையில் ஒரு குடமாவது சுமந்து பார்க்க வேண்டும்.

காட்டுப்பள்ளியை எடுத்துக்கொள்கிறேன். எண்ணூருக்கு வடக்கே, பழவேற்காட்டுக்குத் தெற்கே, கிழக்கில் வங்கக்கடலும் மேற்கில் கொசஸ்தலை ஆற்றின் கழியும் பக்கிங்காம் கால்வாயுமாக, இடையில் கிடக்கும் மணல் துண்டு. இன்று துறைமுகம், அருகில் அனல்மின் நிலையங்கள், சாம்பல் குட்டைகள், இரவும் பகலும் லாரிகள். தொல்காப்பியக் கணக்கில் இது நெய்தல், உரிப்பொருள் இரங்கல். அந்தக் கணக்கு இன்னும் பொருந்துகிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சியில்லை.

இந்த மணலில் தோட்டம் போடுவது எப்படி நடக்கிறது என்பது சுவையான விஷயம். மணலுக்குள் இறங்கும் மழைநீர் கடல்நீரைவிட இலேசானது. ஆகவே அடியிலுள்ள உப்புநீரின்மேல் ஒரு வில்லையைப்போல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு அது உப்பைத் தள்ளி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீர் ஆய்வில் பழைய கணக்கு. அதே கணக்கைத் திருப்பிப் போட்டால், மேலே 1 அடி குறைந்தால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறும். உள்ளே மீஞ்சூர்ப் பக்கம் இதுதான் நடந்தது. நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் பாசனத்துக்கும் பல பத்தாண்டுகள் ஓயாமல் இறைத்ததில் கடல் நிலத்தடியில் உள்ளே வந்தது. சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கென 1987இல் நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்று போடப்பட்டது. போன உப்பு சட்டத்துக்காகத் திரும்பிவிடுவதில்லை. 2010 முதல் காட்டுப்பள்ளிக் கரையிலேயே, மீஞ்சூரின் பெயரில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இயங்குகிறது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன். நீர் போவது சென்னைக்கு.

அந்தப் பக்கத்தில் எனக்குப் பழக்கமான ஓர் அக்காவின் வீட்டுக்குப் பின்னால் ஒரு சென்ட் தோட்டம் இருக்கிறது. முருங்கை, கறிவேப்பிலை, இரண்டு வாழை, ஒரு பந்தல் மல்லி, வேலியில் தானாக வந்த செங்காந்தள். கோடையில் கைப்பம்பு கரிக்கும். குடிக்க லாரித் தண்ணீர். அரிசி களைந்தது, காய் கழுவியது, துணியின் கடைசி அலசல், இவற்றோடு கொஞ்சம் கரிப்புத் தண்ணீரும் கலந்து செடிக்குப் போகும். ஒரு புரட்டாசி மாலையில், தூறல் விழுந்துகொண்டிருக்கும்போதே அவர் குடத்தோடு செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். தெருவில் போனவர் ஒருவர் நின்று சிரித்துவிட்டுப் போனார். அக்கா சொன்னார்: "இந்தத் தூத்தல நம்பிக் கொடத்தக் கவுத்து வெச்சா செடி பூடும்மா."

அவர் சொன்னது சரி. கோடையெல்லாம் கரிப்புத் தண்ணீர் ஊற்றிய மண்ணில் நீர் ஆவியாகப் போய்விட, உப்பு மேல்மண்ணில் தங்கிவிடும். பாத்தி ஓரத்தில் வெள்ளை பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் தூறல் அந்த உப்பைக் கரைத்து வேர் ஆழத்துக்குக் கொண்டுபோகும். அதற்கும் கீழே தள்ள அதற்கு வலுவில்லை. வாராது வந்த மழை செடியைக் கருக்கிவிடும். அந்த நேரத்தில் கூடவே நீர் ஊற்றினால்தான் உப்பு வேரைத் தாண்டி இறங்கும். உப்பு நிலத்துப் பாசனம் பற்றிய வேளாண் நூல்களும் இதையே சொல்கின்றன. அக்கா எந்த நூலும் படித்ததில்லை. பத்து வருடம் செடிகளைச் சாகக் கொடுத்துக் கற்றுக்கொண்டது.

இதைக் கேட்டபின் குறுந்தொகையை என்னால் பழையபடி நடத்த முடியவில்லை. மழை வந்துவிட்டது, கொன்றை பூத்துவிட்டது, அவன் வரவில்லை. இது கார்ப்பருவ மழையே அல்ல, கொன்றைதான் ஏமாந்து பூத்துவிட்டது என்று தோழி தலைவியிடம் சொல்லும் பாட்டு ஒன்று உண்டு. ஆற்றுவிப்பதற்காகச் சொன்ன பொய் என்று படித்தோம், அப்படியே கற்பித்தோம். பொய்யாகவே இருக்கட்டும். அந்தப் பொய்யைச் சொல்லவும் வம்ப மழை எது, பருவ மழை எது என்று தெரிந்திருக்க வேண்டும். மரம் ஏமாறும் இடத்தில் ஏமாறாத ஒருத்தி அவள். வந்ததையெல்லாம் வரம் என்று எடுத்துக்கொள்ளாத அறிவு அது. இருத்தல் என்ற சொல்லுக்குள் அந்த அறிவும் அடக்கம் என்று இப்போது வகுப்பில் சொல்கிறேன்.

நம் மரபு பெண்ணுக்கு மழையில் ஒரு பங்கு கொடுத்திருக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. என்ன பங்கு என்பதுதான் கேள்வி. குறளில் வான்சிறப்பு, கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரம். அங்கே பெண் இல்லை. வாழ்க்கைத் துணைநலத்தில்தான் வருகிறாள், கணவனைத் தொழுது எழுபவள் சொன்னால் மழை பெய்யும் என்று. பிற்காலத்தார் சிலர் 'வேண்டும்போது பெய்யும் மழை போன்றவள்' என்று பொருளைத் திருப்பிப் பார்த்தார்கள். நல்லெண்ணம்தான், எனக்கு அதிலும் நிம்மதியில்லை. அவள் சொல்லுக்கு மழை பெய்யும் என்றால், பெய்யாதபோது குற்றம் யாருடையது? மழை பொய்த்த ஊர்களில் வீடுவீடாகக் கஞ்சி வாங்கிக் கலந்து குடித்து ஒப்பாரி வைத்தவர்களும் பெண்கள்தான். வானத்துக்குப் பொறுப்பு அவளுடையது. கிணற்றை எவ்வளவு ஆழப்படுத்துவது, கழியை எங்கே மூடுவது, தண்ணீரை எந்த ஊருக்கு அனுப்புவது என்பதில் அவளுக்கு வாயில்லை. கற்பைக் காட்டி மழையைக் கேட்கச் சொன்ன மரபு, குடத்தைக் காட்டிக் கணக்குக் கேட்க அவளைப் பழக்கவில்லை.

ஆகவே நானே கணக்குப் போட்டேன். ஒரு சென்ட் நிலத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 4,000 லிட்டர். குடத்துக்கு 15 லிட்டர் என்றால் 270 குடம். ஐப்பசியில் ஒரு நல்ல நாளில் வானம் இதைக் கொட்டிவிட்டுப் போய்விடும். நாளைக்கு 4 குடம் வீதம் 100 நாள் சுமந்தால் 400 குடம். கோடை 100 நாளில் முடிவதில்லை.

எண்ணிக்கையில் அவரை வெல்ல வைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. இரண்டாம் நாளும் மழை பெய்தால் அவர் தோற்றுவிடுவார். வில்லையை நிரப்பவோ உப்பை அடியோடு கழுவவோ எந்தக் குடத்தாலும் முடியாது, மழையால்தான் முடியும். வேலியோரச் செங்காந்தளையும் மறக்கக் கூடாது. கோடையில் தண்டு காய்ந்து, கிழங்கு மட்டும் மண்ணுக்குள் கிடக்கும். அதற்கு யாரும் ஒரு சொட்டு ஊற்றியதில்லை. மழை இறங்கியதும் எழுந்து இலைநுனியால் பற்றி ஏறிப் பூத்துவிடும். அது மழைக்கு மட்டுமே கடன்பட்டது. மல்லியும் கறிவேப்பிலையும் அப்படி அல்ல. எல்லா இருத்தலையும் கிழங்கின் இருத்தலாகப் பார்ப்பது வசதியானது: பெண் தானாகத் தாங்கிக்கொள்வாள், இயல்பிலேயே பொறுமைசாலி, மண்ணைப் போன்றவள். அப்படிச் சொல்லிவிட்டால் அவள் குடத்தை யாரும் எண்ண வேண்டியதில்லை.

மழை எல்லார்க்கும் பொது என்பதையும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். விழும்வரை பொது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் கலந்து வந்து எண்ணூர்க் கழியில் படர்ந்தது. படகு, வலை, வீட்டுச் சுவர், அலையாத்திச் செடிகளின் தண்டு எல்லாம் கறுத்தன. பெய்தது நல்ல தண்ணீர்தான். வழியில் யாரோ வைத்திருந்ததை அது எடுத்து வந்தது. அந்த வாரம் கரையோரப் பெண்களிடம் போய் மழையின் அருளைப் பற்றி யாரும் பேசியிருக்க முடியாது.

போன ஐப்பசியில் இரண்டு நாள் நின்று பெய்தது. அக்கா கைப்பம்பை அடித்து, உள்ளங்கையில் ஏந்தி, ஒரு வாய் குடித்துப் பார்த்துத் துப்பினார். இன்னும் கரித்தது. மூன்றாம் நாளும் பார்த்தார். வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்தபடி, "மழை வந்து தோட்டத்தக் காப்பாத்திடுச்சி" என்றார். அவர் பதில் சொல்லவில்லை. குடங்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, கூரை ஒழுகும் இடமாகப் பார்த்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்.