பாடத்தைத் தெரிவு செய்யும் உரிமை: சப்பிரகமுவத் தோட்டப் பாடசாலைகளை முன்வைத்து ஒரு நோக்கு

1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச்சட்டம், இலங்கையின் பெருந்தோட்டங்களிலே தொழிலாளரின் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமையைத் தோட்டத்துரையின்மீது சுமத்தியது. ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளே அச்சட்டத்தின் கண்ணிற் பட்டவர்கள். பத்து வயதின் பின் அப்பிள்ளை யாது கற்க வேண்டும் என்பது குறித்துச் சட்டம் வாய் திறக்கவில்லை. திறக்க வேண்டிய தேவை அதனை இயற்றியோருக்குத் தோன்றியதாகவும் தெரியவில்லை. அந்த வயதில் மலைக்கு வேலைக்குப் போவது தோட்டத்து வழமையாக இருந்தது. இவ்வாறு ஒரு மனிதப் பிள்ளையின் அறிவுக்கு நான்கு ஆண்டுக் கல்வி போதும் என்று யாரோ ஒருவர் எங்கோ ஒரு மேசையில் முடிவு செய்தார். அம்முடிவு தவறானது என்பதை இன்று எவரும் மறுக்கப் போவதில்லை. ஆயினும் அதனை எடுக்கும் உரிமை அவருக்கு எவ்வழி வந்தது என்னும் வினா அவ்வளவு எளிதில் தீர்வதன்று. ஈண்டு ஆராய விழைவது அதனையே.

துரையின் உரிமைக்குக் காட்டப்பட்ட நியாயம் சுருக்கமானது. நிலம் கம்பனியுடையது, பள்ளிக் கட்டடமும் கம்பனியுடையது, ஆசிரியரை நியமிப்பதும் நீக்குவதும் துரையின் கையில். அரசாங்கம் நன்கொடைப் பணம் கொடுத்து, பரிசோதகரை அனுப்பி மேற்பார்வை செய்தது. செலவு செய்பவனே செய்பொருளைத் தீர்மானிப்பான் என்பது வணிக உலகின் நீதி. அந்நீதியை ஏற்றுக்கொண்டாலும், அச்செலவுக்கான பொருள் எவருடைய உழைப்பில் விளைந்தது என்று கேட்ட மாத்திரத்தில் வாதம் தளர்ந்துவிடுகின்றது. இதனினும் வலிய மறுப்பு ஒன்றுண்டு. அப்பிள்ளை கற்காதிருப்பதால் நேரடியாகப் பயனடையக் கூடியவர் அத்துரையே. ஒருவர் பெறும் கல்வியின் அளவைத் தீர்மானிக்கும் அதிகாரம், அக்கல்வி குறைவதனால் இலாபம் பெறுபவரிடம் இருத்தல் ஆகாது. தம் வழக்கிற்குத் தாமே நடுவராய் அமர்தல் தகாது என்பது நீதிமன்றத்தில் யாவரும் ஒப்பிய நெறி. பாடசாலைக்கு மட்டும் அது விலக்காவதற்குக் காரணம் எதுவுமில்லை.

இது பழங்கதை என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. பொதுப்பணத்தைப் பெற்று, தனியார் முகாமையில் நடைபெறும் பாடசாலை என்னும் வடிவம் உலகின் பிற பாகங்களில் புதுமையெனப் போற்றப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் மினசோட்டா மாநிலம் 1991இல் இயற்றிய சட்டத்தின் வழியே ‘சாசனப் பாடசாலை’ என்ற வகை தோன்றியது. பின்னர் கட்டடமே இல்லாது இணையவழியாக மாத்திரம் நடைபெறும் சாசனப் பாடசாலைகளும் எழுந்தன. ஒகையோ மாநிலத்தில் ‘எலக்ரோனிக் கிளாஸ்ரூம் ஒவ் ருமோரோ’ என்ற அத்தகைய பாடசாலை, தான் கணக்கிற் காட்டிய மாணவர் யாவரும் உண்மையாகவே கற்றனர் என்பதை நிறுவ இயலாமற் போயிற்று. பெற்ற பணத்தில் பெருந்தொகையைத் திருப்பிச் செலுத்துமாறு பணிக்கப்பட்டு, 2018 சனவரியில், கல்வியாண்டின் நடுவிலேயே அது மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒரே நாளில் வேறு பாடசாலை தேட நேர்ந்தது. அப்பெற்றோர் செல்வ நாட்டின் குடிமக்கள், வாக்குரிமை உடையவர்கள். நம் தோட்டத்துப் பெற்றோருள் மிகப் பலரோ 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர் ஆக்கப்பட்டவர்கள். நிலைமைகள் பெரிதும் வேறுபட்டவை. எனினும் பாடசாலையை நடத்துவோர் பிள்ளையின் வீட்டாருக்குப் பதில் சொல்லக் கடமைப்படாதவராய் இருந்தமை இரண்டிற்கும் பொது.

தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்க வேண்டும் என்ற எண்ணம் 1947ஆம் ஆண்டின் கல்வித் திருத்தச் சட்டத்திலேயே இடம்பெற்றதாயினும், அது செயலாவதற்கு மேலும் ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1945இல் நாட்டுக்கு வந்த இலவசக் கல்வியின் வெளிச்சம் லயங்களை எட்டியது, தோட்டங்கள் 1970களின் நடுவில் தேசியமயமாகி, 1977 முதல் பாடசாலைகள் படிப்படியாக அரசாங்கத்திடம் வந்த பின்னரேயாகும். அதன் பின்னர் எட்டியாந்தோட்டையிலோ இறக்குவானையிலோ கற்கும் பிள்ளைக்கும் கொழும்பில் கற்கும் பிள்ளைக்கும் ஒரே கலைத்திட்டம், ஒரே பாடநூல், ஒரே பரீட்சை. இம்மாற்றத்தின் பெறுமதியைக் குறைத்து மதிப்பிடுதல் நன்றியற்ற செயலாகும்.

ஆனால், அரசு தீர்மானிப்பது என்பதனால் மட்டும் தீர்மானம் நியாயமாகிவிடுமா? பிளேட்டோவின் இலட்சிய நகரிலே ஒவ்வொரு பிள்ளையின் இயல்பையும் அறிந்து அதற்கேற்ற கல்வியை வகுப்பவர் ஞானியரான காவலர். மில் 1859இல் எழுதிய ‘சுதந்திரம் பற்றி’ என்னும் நூலில் இதற்கு நேர்மாறாக, பிள்ளை கல்வி பெறுவதை அரசு கட்டாயப்படுத்தலாமே தவிர, அக்கல்வி முழுவதையும் தானே வார்த்தெடுத்தலாகாது என்கிறார். நமது சூழலில் இருவர் சொல்லும் அரைகுறையாகவே பொருந்துகின்றது. நம்மிடம் ஞானியர் ஆட்சி இல்லை. மில் நம்பியதைப் போலப் பல்வேறு பாடசாலைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் வசதியுடைய பெற்றோரும் இல்லை.

இங்கே கலைத்திட்டம் பற்றிய ஒரு பழைய வழக்கைச் சற்று விரித்து நோக்குதல் பயன்தரும். கல்வி பிள்ளையின் சூழலோடு இசைந்திருக்க வேண்டும் என்னும் கொள்கை கேட்பதற்கு இனியது. 1930களில் இலங்கையில் ஹந்தெசைக் கிராமக் கல்வித் திட்டமும், 1937இல் காந்தியடிகள் முன்வைத்த வார்தாத் திட்டமும் இவ்வெண்ணத்தில் எழுந்தவையே. 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களைப் புகுத்தி, மாணவர் தம் பிரதேசத்தின் தொழிலைக் கற்க வேண்டும் என்றது. நோக்கத்தில் பழுதில்லை. ஆயினும் தெரணியகலையில் ஓர் இறப்பர்த் தோட்டத்துப் பிள்ளைக்குப் ‘பிரதேசத்தின் தொழில்’ யாது? பால்வெட்டு. பலாங்கொடைக்கு மேலுள்ள தேயிலை மலைகளிலே அது கொழுந்து பறித்தல். மீனவர் மகன் மீன்பிடியைக் கற்பதும், குயவர் மகன் மட்பாண்டம் வனைவதும் ஒரு தொழிலின் மரபைக் காப்பதாகத் தோற்றலாம். ஒரு நூற்றாண்டு முழுவதும் எந்த வேலையிலிருந்து மீள இயலாதவாறு ஒரு சமூகம் கட்டுண்டு கிடந்ததோ, அந்த வேலையையே அதன் பிள்ளைக்குப் பாடமாக வைப்பது, சூழலுக்கு இசைந்த கல்வி என்ற பெயரில் சூழலைச் சிறையாக்குவதன்றோ?

சென்னை மாகாணத்தில் 1953இல் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் இதே பாறையில் மோதியது. பிள்ளைகள் பாதிப்பொழுது பள்ளியிலும் எஞ்சிய பொழுது பெற்றோரின் தொழிலிலும் கழிக்கலாம் என்றார் அவர். பள்ளிகள் போதாமை காரணமாகவே இவ்வேற்பாடு என்றும் கூறப்பட்டது. மக்கள் அதற்குக் ‘குலக்கல்வித் திட்டம்’ என்று பெயரிட்டனர். 1954இல் இராஜாஜி பதவி விலக, பின்வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். அத்திட்டத்தை வகுத்தவர் தீய எண்ணத்தோடு வகுத்தார் என்று கொள்ள வேண்டியதில்லை. பிறப்பையும் தொழிலையும் பிணைக்கும் ஒரு சமூகத்தில், நல்லெண்ணமுள்ள கலைத்திட்டமும் அப்பிணைப்பின் கருவியாகிவிடலாம் என்பதே அவ்வரலாற்றில் நாம் காணத்தக்கது.

ஆகவே பொதுக் கலைத்திட்டமே தக்கது என்ற முடிவுக்கு வருகிறோம். ஆனால் அதிலும் ஒரு குறை உண்டு. பெருந்தோட்ட மக்களின் வரலாற்றுக்குப் பொதுப் பாடநூல்களில் கிடைத்துள்ள இடம் மிகச் சிறிது. தன் பாட்டன் வெட்டிய பாதையில் நடந்து பள்ளிக்கு வரும் பிள்ளை, பாட்டனைப் பாடநூலில் காண்பதில்லை. சூழலைக் கற்பதும் சூழலுக்குள் அடைபடுவதும் வெவ்வேறு. தோட்டத்தைப் பற்றிய அறிவு பாடமாகலாம். தோட்ட வேலைக்கான பயிற்சியைப் பள்ளியின் எல்லையாக்குவது தகாது.

இதுவரை நாம் எடுக்கப்பட்ட முடிவுகளைப் பற்றியே பேசினோம். இன்றைய சப்பிரகமுவ மாகாணத்தின் இடர், எவராலும் எடுக்கப்படாத முடிவுகளில் தங்கியிருக்கிறது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலே தமிழ்மொழி மூலம் க.பொ.த. உயர்தர விஞ்ஞானப் பிரிவில் கற்கத்தக்க பாடசாலைகள் விரல்விட்டு எண்ணத்தக்கன. தோட்டப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை உயர்தரம் இல்லாதவை. உயர்தரம் உள்ளவற்றிலும் கலைப்பிரிவே வழமை. தோட்டத்துப் பிள்ளை பௌதிகவியல் படிக்கலாகாது என்று யாரேனும் எங்கேனும் தீர்மானம் நிறைவேற்றினார்களா? இல்லை. மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் அவருக்கும் சேர்த்தே பாடத்திட்டம் வகுத்துள்ளது. கல்வி அமைச்சு நியமனம் மாகாணத்தின் பொறுப்பு என்னும். மாகாணம் தமிழ்மொழி மூலப் பட்டதாரி விண்ணப்பிக்கவில்லை என்னும். வலயம் ஆளணியைச் சுட்டும். அதிபர் வலயத்தைச் சுட்டுவார். ஆசிரியர் வந்தாலும் சில காலத்தில் இடமாற்றம் பெற்றுச் செல்வார். அவரையும் முற்றாகக் குறை சொல்வதற்கில்லை. ஒவ்வொருவர் கூற்றும் தனித்து நோக்குமிடத்து உண்மையே. அவ்வுண்மைகளின் கூட்டுத்தொகையாக ஒரு பிள்ளைக்கு மருத்துவராகும் வழி அடைபடுகின்றது.

பழைய துரையின் ஆட்சியில் ஒரு வசதி இருந்தது. குற்றவாளி யாரென்று தெரியும். அதிகாரம் பல கைகளுக்குப் பங்கிடப்பட்டபோது, அதனோடு பொறுப்பும் பங்கிடப்பட்டிருக்க வேண்டும். ஈண்டு நிகழ்ந்ததோ பொறுப்பு ஆவியாதல். ஒருவர் செய்ததற்கு மட்டுமே பொறுப்பாவார் என்னும் ஒழுக்கக் கோட்பாட்டை வைத்துக்கொண்டு இந்நிலையை விளங்கிக்கொள்ள முடியாது. தடுக்கும் ஆற்றல் இருந்தும் தடுக்காமையும் ஒரு செயலே என்று கொண்டால்தான், இதற்கு உரியவரை நாம் விளித்துக் கேட்க இயலும்.

விளிப்பதற்குரிய மன்றமும் அங்கே இல்லை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் தேசிய பாடசாலைகள் நீங்கலான ஏனையவற்றை மாகாண சபைகளிடம் ஒப்படைத்தது. சப்பிரகமுவ மாகாண சபையின் பதவிக்காலம் 2017இல் முடிவுற்றது. அதன் பின் ஆண்டுகள் பல கடந்தும் தேர்தல் நடத்தப்படாமையால், பாடசாலைகள் ஆளுநரதும் அலுவலரதும் கையிலேயே இருந்துவந்தன. சபை இருந்த காலத்திலும் தமிழரின் குரல் அங்கே மெலிந்ததே. நுவரெலியா மாவட்டத்தில் தமிழர் பெரும்பான்மையினர். இரத்தினபுரியிலும் கேகாலையிலுமோ மலைமடிப்புகள்தோறும் சிதறிக் கிடக்கும் சிறுபான்மையினர். மலையகம் என்ற ஒரே சொல்லால் இரண்டையும் சுட்டிவிட்டு நிறைவடையும் நம் வழக்கம் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகின்றது.

இந்நிலையிலே பெற்றோரின் உரிமை எங்கே நிற்கின்றது? இம்மாகாணத்துத் தோட்டப் பெற்றோர் பலர் தம் பிள்ளைகளைச் சிங்களமொழி மூலப் பாடசாலைகளிற் சேர்க்கின்றனர். ‘அது அவர்கள் விருப்பம்’ என்று கூறிக் கடந்துசெல்வோர் உளர். ‘இனத்தை மறந்தோர்’ என்று பழிப்போரும் உளர். இருவரும் அவசரப்படுகின்றனர். அருகிலுள்ள தமிழ்ப் பாடசாலையில் கணித ஆசிரியர் இல்லை, கிராமத்துச் சிங்களப் பாடசாலையில் இருக்கிறார் என்றால், தந்தை எடுக்கும் முடிவு மொழியைப் பற்றியதா, கணிதத்தைப் பற்றியதா? 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளிலே தோட்டத் தமிழர்மீது நிகழ்ந்த வன்செயலை நினைவிற் கொண்ட குடும்பத்துக்கு, பிள்ளை சிங்களம் பேசிப் பழகுவது பாதுகாப்புமாகும். சிங்களம் கற்பது இழுக்கன்று. இரு மொழியும் வல்ல பிள்ளை இந்நாட்டிற்குப் பெருஞ்செல்வம். ஆனால் ஒரு கதவை அடைத்துவிட்டு மறுகதவால் சென்றவனை நோக்கி ‘நீயே தெரிந்தெடுத்தாய்’ என்று கூறுவது தெரிவு என்னும் சொல்லையே அவமதிப்பதாகும். 2017இல் தொடங்கப்பட்ட பதின்மூன்று ஆண்டு உத்தரவாதக் கல்வியின் தொழிற்பிரிவுக்கும் இது பொருந்தும். விஞ்ஞானமும் வணிகமும் உள்ள பாடசாலையில் தொழிற்பிரிவைத் தேர்வது தெரிவு. அவை இல்லாத இடத்தில் அதே பிரிவு 1953இன் நிழலாகிவிடக் கூடும்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கம் பெற்றோருக்கு ஓர் ஆசனத்தை வழங்கியுள்ளது என்பது உண்மை. அவ்வாசனத்தில் அமர்வதற்குத் தோட்டத்துத் தாய் கொடுக்க வேண்டிய விலையை யாரும் கணக்கிடுவதில்லை. கூட்டம் வேலைநாளின் முற்பகலில் கூடுமாயின், அவர் வரவேண்டும் என்றால் அரைப்பேரை இழக்க வேண்டும். இழந்து வந்தாலும், கலந்துரையாடப்படுவது பெரும்பாலும் சிரமதானம், வேலி, விளையாட்டுப் போட்டிச் செலவு. எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, அதைக் குறித்து எந்த அலுவலகத்துக்கு எப்போது எழுதப்பட்டது, என்ன மறுமொழி வந்தது என்பவை அவருக்குச் சொல்லப்படுவது அரிது. 2020இலும் 2021இலும் பெருந்தொற்றால் பாடசாலைகள் மூடுண்டு, பாடங்கள் கைத்தொலைபேசிக்கு மாறியபோது இது அப்பட்டமாயிற்று. குடும்பத்துக்கு ஒரு தொலைபேசி, அதுவும் வேலைக்குப் போன தந்தையின் சட்டைப்பையில். சமிக்ஞை தேடிப் பிள்ளை குன்றேற வேண்டும். அம்முறை தோட்டத்துக்கு ஏற்றதா என்று லயத்து வாசலில் எவரும் கேட்கவில்லை.

கல்வியறிவு குறைந்த பெற்றோர் கலைத்திட்டத்தைத் தீர்மானித்தல் இயலுமா என்ற ஆட்சேபம் எழும். எழுதுவோரிடமும் விரிவுரையாளரிடமும் அது கூடுதலாகவே எழும். பௌதிகவியலில் எவ்வலகை எவ்வாண்டிற் கற்பிப்பது என்பதை அவர் கூற வேண்டியதில்லை. அதனை நிபுணர் செய்யட்டும். தன் மகள் பௌதிகவியல் கற்கும் வாய்ப்பு இருக்க வேண்டுமா என்ற வினாவுக்கு விடை கூற நிபுணத்துவம் தேவையில்லை. முன்னதன் பெயரால் பின்னதையும் அவரிடமிருந்து பறித்துக்கொண்டதே நம் ஆட்சிமுறை செய்தது. பிள்ளை வளர்ந்தபின் மாற்றிக்கொள்ளத்தக்க முடிவுகளை யார் எடுத்தாலும் பெருந்தீங்கில்லை. பதினாறு வயதில் என்றைக்குமாக மூடிவிடும் முடிவுகளை எடுப்பவர், எடுக்காது விடுபவர் ஆகிய இருவரும், அதனைக் காரணத்தோடு தமிழில் எழுதி, கையொப்பமிட்டு, அந்தத் தாயின் முன் வைக்கக் கடமைப்பட்டவர்கள். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுவதற்கு எந்தச் சட்டத்திருத்தமும் தேவையில்லை. ஓர் அதிபர் மனம்வைத்தால், அடுத்த தவணையிலேயே அது நடந்துவிடும்.