பூசி வைத்த இரும்பு

நமக்கு நன்மை செய்த ஒன்றே நாளடைவில் நமக்குத் தடையாகி நிற்குமானால், அதனை அகற்றுவது அறமா, நன்றி மறத்தலா? குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாள்களில் எவரும் என்னிடம் கேட்டிராத கேள்வி இது. இளம்பிள்ளையில் ஒரு தறிக்கூடத்தின் பின்கட்டில், டீசல் நாற்றத்தின் நடுவே இதனை நான் சந்தித்தேன்.

அது 2012ஆம் ஆண்டு. தமிழகம் முழுவதும் மின்வெட்டால் தவித்துக்கொண்டிருந்த காலம். இளம்பிள்ளையின் பிழைப்பு விசைத்தறியில் இருக்கிறது. தறி ஓடும் ஓசையிலேயே தாலாட்டுக் கேட்டு வளர்ந்த ஊர் அது. ஓசை நின்றால்தான் அங்கே குழந்தைகள் விழித்துக்கொள்ளும் என்று வேடிக்கையாகச் சொல்வர். அந்த ஆண்டு வேடிக்கை பேச எவருக்கும் மனமில்லை. எனக்குப் பழக்கமான நெசவாளர் ஒருவர், காலஞ்சென்ற தம் தந்தையின் பழைய ஆயில் எஞ்சினை மீண்டும் ஓட்டி, அதில் ஒரு மின்னாக்கியைப் பொருத்தி, இரண்டு தறிகளையாவது இயக்கிவிட முனைந்தார்.

இங்கிலாந்தில் டர்ஸ்லி என்னும் ஊரிலிருந்த லிஸ்டர் நிறுவனம் 1930ஐ ஒட்டி வெளியிட்ட, மெதுவாகச் சுழலும் ஒற்றை உருளை எஞ்சினைப் பார்த்து நம் நாட்டுப் பட்டறைகளும் எஞ்சின்கள் வார்த்தன. கவலை இறைத்த கிணறுகளுக்கு அவை வந்து சேர்ந்தன. பிறகு மின்மோட்டார் வந்தது. உழவுக்கு இலவச மின்சாரமும் வந்தது. எஞ்சின்கள் மூலைக்குச் சென்றன. அந்தத் தந்தையோ எஞ்சினை விற்கவில்லை. அதற்கென வாங்கிய புதுப் பிஸ்டன், ரிங்குகள், லைனர், பேரிங்குகள், டீசல் பம்பின் உள்ளுறுப்பு ஆகியவற்றைக் கெட்டியான கிரீஸ் பூசி, மெழுகுத்தாளில் சுற்றி, மரப்பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார்.

பூசாமல் வைத்திருந்தால் என்னவாகும் என்பதை அவ்வூரார் அறியாதவரல்லர். அருகிலேயே கஞ்சமலை நிற்கிறது. அம்மலையின் இரும்புத் தாதுவை 1830களில் ஹீத் என்னும் ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டை உலைக்குக் கொண்டு சென்றார். மலையில் இருக்கும் இரும்பு தனித்து இருப்பதில்லை. உயிர்வளியோடு கூடியே கிடக்கிறது. நாம் நெருப்பிலிட்டு அதனைப் பிரித்தெடுக்கிறோம். காற்றும் ஈரமும் கிடைத்த மாத்திரத்தில் அது பழைய உறவைத் தேடிக்கொள்கிறது. அதைத்தான் துரு என்கிறோம். அதே மலையடிவாரத்தில் துருப்பிடிக்காத எஃகு உருட்டும் ஆலை இயங்குவது எனக்கு எப்போதும் வியப்பே.

துருவைத் தடுக்கவே கிரீஸ். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் துப்பாக்கிகளையும் எஞ்சின் பாகங்களையும் காஸ்மோலின் என்னும் பெட்ரோலியப் பசையில் தோய்த்தே கடல்கடந்து அனுப்பினர். அதனைத் துடைத்தெடுக்கப் பட்ட பாடு அப்போர்வீரர் பலருக்கு வாழ்நாள் முழுதும் மறக்கவில்லையாம். ஆண்டுகள் செல்லச் செல்ல இத்தகைய பசையிலுள்ள இலேசான எண்ணெய்ப் பகுதி ஆவியாகிப் போகிறது. எஞ்சுவது அரக்குப் போல் இறுகிவிடுகிறது.

நான் சென்ற அன்று வயது முதிர்ந்த பிட்டர் ஒருவர் பெட்டியைத் திறந்து அமர்ந்திருந்தார். மூங்கில் சிம்பு, பழைய பிரஷ், தட்டு நிறைய டீசல், இவையே அவர் கருவிகள். இரும்புக் கம்பியால் சுரண்ட விடவில்லை. உதவிக்கு வந்த இளைஞன் ஒருவன் விரைவாக முடிக்கும் ஆசையில் பேரிங்கின் மென்மையான உட்பரப்பில் உப்புத்தாளை வைத்துவிட்டான். அந்தப் பேரிங் அத்தோடு போயிற்று. ஐம்பது ஆண்டுத் துரு செய்யாததை ஐந்து நிமிட ஆர்வம் செய்துவிட்டது.

“வெளியில தொடைக்க யாரும் போதுங்க, சாமி,” என்றார் பிட்டர். “இந்தத் தொளைதான் முக்கியம். எண்ணெ இதுக்குள்ள போகணும். இதுல பழைய கிரீஸ் அடைச்சிருந்தா, எஞ்சின் நல்லாத்தான் கிளம்பும். கொஞ்ச நேரத்துல பேரிங் எரிஞ்சு போயிரும்.” ரிங்குகள் அமரும் பள்ளங்களையும் அவர் அப்படியே துருவினார். டீசல் பம்பின் உள்ளுறுப்பைப் பஞ்சு வேஸ்ட் படாமல் சுத்தமான டீசலிலேயே அலசினார். அதன் தண்டுக்கும் குழலுக்கும் இடையே மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே இடைவெளி. ஒரு பஞ்சிழை புகுந்தாலும் கெட்டது.

லைனரை எடுத்தபோதுதான் அந்த நண்பர் அப்படியே நின்றுவிட்டார். இறுகிப் பழுப்பேறிய கிரீஸில் நான்கு விரல்களின் தடம் பதிந்திருந்தது. “அப்பா கை, சாமி” என்றார். பிட்டர் ஒன்றும் சொல்லாமல் பீடி பற்றவைக்க வெளியே சென்றார்.

துடைக்கப்படும் நாளுக்காகத்தானே தந்தை பூசினார் என்று ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. அந்தப் பெரியவரை நான் அறிவேன். பிள்ளைகள் எடுத்துத் தந்த வேட்டிகளைக் கட்டாமலேயே பெட்டியில் வைத்துவிட்டுப் போனவர். எதைக் கேட்டாலும் “இருக்கட்டும்” என்பார். உயிரோடிருந்தால் அந்தப் பெட்டியைத் திறக்கவே விட்டிருக்கமாட்டார். ஆகவே தந்தையின் விருப்பத்தைச் சான்றுக்கு அழைப்பது பொய்யாகிவிடும்.

புனித தாமஸ் அக்குவினாஸ் ஓரிடத்தில் மாலுமியைப் பற்றிப் பேசுகிறார். தன்னிடம் ஒப்படைத்த கப்பலைக் காப்பது அவனுடைய இறுதி நோக்கமன்று. கப்பல் பயணம் செய்வதற்கானது என்கிறார். காத்தல் நல்லதே. ஆனால் காக்கப்படும் பொருளின் நிறைவு அதன் செயலில் இருக்கிறது. தன் மினாவைத் துணியில் முடிந்து வைத்த ஊழியன் திருடவில்லை, வீணாக்கவில்லை; பெற்றதைப் பெற்றபடியே திருப்பிக் கொடுத்தான். இருந்தும் கடிந்துகொள்ளப்பட்டான். அந்தத் தீர்ப்பு கடுமையானது என்றே இளமையில் எண்ணியிருந்தேன்.

இப்போது அவ்வாறு எண்ணாததற்குக் காரணம் உண்டு. குருப்பட்டம் பெற்ற புதிதில், சாவு வீடுகளில் நானும் உடைந்து அழுதுவிடுவேன். நாளடைவில் சில ஆறுதல் மொழிகளைத் தேர்ந்து வைத்துக்கொண்டேன். அவை என்னைக் காத்தன. அவை இல்லாவிடில் இப்பணியில் நிலைத்திருப்பேனா என்பது ஐயமே. பல்லாண்டுகளுக்குப் பின், மகனைப் பறிகொடுத்த தாய் ஒருத்தியிடம் அதே மொழிகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் என் முகத்தையே பார்த்திருந்தாள். “இது பூசையில சொல்ற பேச்சுங்க, சாமி” என்றாள். அவ்வளவுதான். என் துளை அடைத்துக் கிடந்ததை நான் அறிந்த நாள் அது.

அதற்காக அம்மொழிகள் அனைத்தையும் எறிந்துவிட்டு வெறுங்கையோடு அடுத்த வீட்டுக்குச் செல்லவும் என்னால் இயலவில்லை. பிட்டர் இதனை நன்கறிந்தவர். துடைத்த பாகத்தை அவர் ஒரு நாழிகையும் வெறுமையாக விடவில்லை. உடனே மெல்லிய எண்ணெய் தடவினார். வெற்றிரும்பில் விரல் வியர்வை பட்டாலே மறுநாள் துருத்தடம் தோன்றும் என்றார். கிரீஸும் எண்ணெயும் பூமியின் அடியிலிருந்து வந்த ஒரே குடும்பத்தவை. ஒன்று நிற்கும் இரும்பைக் காக்கிறது. மற்றது ஓடும் இரும்பைக் காக்கிறது. ஓடும்போது காப்பதற்கு அது அசைந்தாக வேண்டும், சூடேற வேண்டும், கறுத்துப்போக வேண்டும், மாற்றப்படவும் வேண்டும். என் ஆறுதல் மொழிகள் மாற்றப்படாமலேயே கிடந்தன.

நண்பர் நெடுநேரம் அந்தத் தடத்தைப் பார்த்திருந்தார். பிறகு அவரே துணியை டீசலில் நனைத்துத் துடைத்தார். வேறெவரையும் தொட விடவில்லை.

கெட்டுப்போன பேரிங்குக்குப் பதில் சேலத்திலிருந்து வேறொன்று வந்து, எஞ்சின் ஓட மேலும் நான்கு நாள்கள் ஆயின. முதலில் வெண்புகை, பிறகு நிதானமான அந்தப் பழைய தாளம். இரண்டு தறிகள் ஓடின. நான் விடைபெறும்போது நண்பர் பின்கட்டில் குந்தியிருந்தார். கழற்றிய தேய்ந்த பிஸ்டனைத் துடைத்து, புது கிரீஸ் பூசி, தந்தையின் அதே மெழுகுத்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“இது இனி எதற்கு உதவும்?” என்று கேட்டேன்.

“இருக்கட்டுங்க, சாமி” என்றார்.