அறையின் குளிரை யார் தீர்மானிப்பது?

ஓர் அறையில் எவ்வளவு குளிர் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு உரியது? கேட்ட மாத்திரத்தில் இது அற்பமான கேள்வியாகத் தோன்றும். பொத்தானை அழுத்துபவர் யாரோ அவருக்கே என்று விடையளித்துவிட்டு, நாம் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடலாம். ஆனால் பொத்தானை அழுத்துபவர் அந்த அறையிலேயே இருந்த காலம் மாறிவருகின்றது. அவர் அலுவலகத்தில் இருக்கலாம், அயல்நாட்டில் இருக்கலாம், மனிதராகவே இல்லாமலும் போகலாம். ஆகவே இக்கேள்வியைச் சற்றே நின்று எண்ணிப் பார்ப்பது தேவையாகின்றது.

சென்னையின் மேற்குப் புறநகரில் வாழும் நமக்கு வெப்பத்தைப் பற்றி எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கடற்கரையை ஒட்டிய பகுதிகளை முதலில் தொட்டுவிடும் கடற்காற்று, அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் பிந்தியே வரும். வந்தாலும் வலுவிழந்தே வரும். 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்தபோது இங்கே குடியேறியவர்கள், வேப்பமர நிழலிலும் திண்ணையிலும் மொட்டைமாடியிலும் கோடையைக் கழித்தார்கள். அந்த மனைகளில் பலவற்றில் இன்று அடுக்ககங்கள் நிற்கின்றன. பகலில் வாங்கிய வெப்பத்தைக் கான்கிரீட் சுவர்கள் இரவில் நம்மிடமே திருப்பித் தருகின்றன. 2003-ஆம் ஆண்டு மே 31 அன்று சென்னையில் வெப்பம் 45 பாகை செல்சியசைத் தொட்டது. இத்தகைய ஊரில் குளிர்சாதனத்தை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் அது உயிர்காக்கும் துணையாகவும் அமைகின்றது.

குளிர் நாடுகளில் வீடு முழுவதற்குமான வெப்பத்தைச் சுவரில் பொருத்திய ஒரு தெர்மோஸ்டாட் ஆளுகின்றது. நம் வீடுகளில் அக்கருவி குளிர்சாதனத்தின் உள்ளேயே அடங்கியிருக்கின்றது. உள்ளிழுக்கப்படும் காற்றின் வெப்பத்தை ஒரு சிறு உணரி அளக்க, நாம் குறித்த அளவு வந்ததும் கம்ப்ரசர் நிற்கின்றது, அல்லது வேகம் தணிகின்றது. இந்த எளிய கருவியைத்தான் இப்போது வீட்டு வைஃபையோடு இணைக்கச் சொல்கிறார்கள்.

இணைப்பு நிகழும் விதம்

புதிய ஏ.சி.யைச் சுவரில் மாட்டியபின், கைபேசியில் ஒரு செயலியை இறக்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். ஏ.சி. தானே ஒரு சிறிய வைஃபை அலையை வெளியிடும். கைபேசி அதனோடு சேர்ந்து, நம் வீட்டு வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் அதனிடம் ஒப்படைக்கும். இத்தகைய கருவிகள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மட்டுமே ஏற்பவை. கூடத்து ரூட்டருக்கும் படுக்கையறைக்கும் நடுவே இரண்டு கான்கிரீட் சுவர்கள் இருந்தால் இணைப்பு தடுமாறும். இரண்டு மூன்று முறை முயன்றபின் இணைப்புக் கிடைத்துவிட்டால் வீட்டில் ஒரு சிறு மகிழ்ச்சி பிறக்கும்.

அந்த மகிழ்ச்சியில் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறோம். பொதுவாக அதன்பின், நம் கட்டளை செயலியிலிருந்து இணையத்தின் வழியே நிறுவனத்தின் கணினிக்குச் சென்று, அங்கிருந்து திரும்பி வந்தே ஏ.சி.யை அடைகின்றது. பத்தடி தொலைவில் உள்ள பெட்டிக்குச் சொல்லும் சொல், கடல் கடந்து போய்த் திரும்பவும் கூடும். இடையில் எத்தனையோ பக்கங்கள் நீளும் நிபந்தனைகளை ஒரே தொடுதலில் ‘ஏற்கிறேன்’ என்று ஒப்புக்கொண்டிருப்போம். வீட்டுச் சாவியை ஒருவரிடம் கொடுக்குமுன் அவர் யார், எவர் என்று பலமுறை விசாரிக்கும் நாம், கடவுச்சொல்லைக் கொடுக்கும்போது அவ்வாறு விசாரிப்பதில்லை.

எட்டிப் பார்த்த பணியாளர்

தெர்மோஸ்டாட்டின் வரலாற்றில் நாம் சிந்திக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வைட்வாட்டர் என்னும் ஊரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வாரன் ஜான்சன் என்பவர் பேராசிரியராகப் பணியாற்றினார். குளிர்காலத்தில் ஒவ்வொரு வகுப்பறையிலும் வெப்பம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கக் கட்டடப் பணியாளர் உள்ளே வந்து போவார். பிறகு அடித்தளத்திற்கு இறங்கி, வெப்பக் காற்றின் தடுப்புகளைத் திருத்துவார். பாடம் தடைப்பட்டது, பணியாளரின் கால்களும் ஓய்ந்தன. அறை குளிர்ந்தாலோ வெப்பம் மிகுந்தாலோ கீழ்த்தளத்தில் மணியடித்து அறிவிக்கும் மின்கருவி ஒன்றை ஜான்சன் உருவாக்கி, 1883-இல் காப்புரிமை பெற்றார்.

அதனால் நன்மையே விளைந்தது. ஒரு தொழிலாளியின் வீண் அலைச்சல் குறைந்தது. மாணவர்கள் இடையூறின்றிக் கற்றார்கள். ஆயினும் பணியாளர் அறைக்குள் வந்தபோது வெப்பமானியை மட்டுமா பார்த்திருப்பார்? சன்னலோரம் நடுங்கும் மாணவனையும், அடுப்புக்கருகே வியர்க்கும் மாணவனையும் பார்த்திருக்க முடியும். மணி அடிக்கும் கருவிக்கு அறையின் சராசரி வெப்பம் தெரியும். அந்த அறையில் இருப்பவரைத் தெரியாது. கருவி எவ்வளவு கூர்மையடைந்தாலும் இந்த எல்லை அதற்கு உண்டு. குறை கருவியிடம் இல்லை. அளப்பது அதன் பணி, அதை அது செய்கின்றது. அளப்பதையே அறிவதாக நாம் எடுத்துக்கொள்ளும்போதுதான் பிழை தொடங்குகின்றது.

தொலைவிலிருந்து வரும் அன்பு

நம் பகுதியில் பலரும் அறிந்த குடும்ப நிலை ஒன்றை எண்ணிப் பார்ப்போம். திருமுல்லைவாயிலில் ஓர் அடுக்ககத்தில் தாய் தனியே இருக்கிறார். மகன் அயல்நாட்டில் வேலை பார்க்கிறார். அம்மா வெயிலில் வாடக்கூடாது என்று ஏ.சி. வாங்கித் தந்து, அதைத் தன் கைபேசியோடு இணைத்தும் வைத்திருக்கிறார். சென்னையில் வெயில் ஏறிவிட்டது என்ற செய்தியைக் கண்டதும், அங்கிருந்தபடியே அம்மாவின் அறையைக் குளிர்விக்கிறார். இதில் அன்பு இல்லை என்று எவர் சொல்ல முடியும்? முதுமையில் தாக உணர்வு மங்கும்; உடல் தன் வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும் ஆற்றலும் குறையும். வெயில் தன்னை வாட்டுவதை உணராமலேயே தளர்ந்துபோகும் முதியோர் உண்டு. அத்தகையோர்க்குத் தொலைவிலிருந்து காக்கும் ஒரு கண் பெரும் துணையே.

ஆனால் அந்தத் தாய்க்கு மூட்டுவலி. குளிர்ந்த காற்று நேராக முழங்காலில் படுகின்றது. செயலி வந்தபின் ரிமோட் எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. மகன் அழைத்து, “அம்மா, ரூம் நல்லா இருக்கா?” என்று கேட்டால், “நல்லாத்தாம்பா இருக்கு” என்பார். பிள்ளை இவ்வளவு செய்யும்போது குறை சொல்வதா என்று அவர் மனம் கூசும். போர்வையை இழுத்துக் கால்வரை போர்த்திக்கொள்வார். செயலியில் மகனுக்கு 23 என்ற எண் தெரியும். அந்தப் போர்வை தெரியாது.

இங்கே தவறு செய்தவர் எவரும் இல்லை. என்றாலும் ஒன்று இழக்கப்பட்டிருக்கின்றது. தன் அறையைத் தன் உடலுக்கேற்ப அமைத்துக்கொள்ளும் சிறு உரிமை, வாழ்நாளெல்லாம் ஒரு குடும்பத்தையே நடத்திய பெண்மணியின் கையிலிருந்து ஓசையின்றி நழுவிவிட்டது. முதுமை எத்தனையோ உரிமைகளைப் பறித்துவிடுகின்றது. எஞ்சியிருப்பதை அன்பின் பெயராலும் பறித்துவிடலாகாது. பிறருக்காக ஒன்றைச் செய்வது நல்லது. அவரைக் கேட்டுச் செய்வது அதனினும் நல்லது. கேட்காமல் செய்யும் உதவி நாளடைவில் ஆட்சியாக மாறிவிடக் காண்கிறோம்.

கேட்கும் பழக்கம் நமக்குப் புதியதன்று. மே மாத இரவுகளில் குடும்பம் முழுவதும் ஒரே ஏ.சி. அறையில் பாய் விரித்துப் படுக்கும் வீடுகள் நம்மிடையே மிகுதி. இளைஞனுக்கு 20 வேண்டும்; பாட்டிக்கு மின்விசிறியே போதும்; கைக்குழந்தைக்குச் சளி. வாக்குவாதம் எழும், சிரிப்பும் எழும்; இறுதியில் பாட்டி காற்றுப்படாத மூலைக்கு மாறுவார், பேரன் 25-க்கு இறங்கி வருவான். பொது வாழ்வுக்கான நல்லொழுக்கத்தின் முதல் பாடம் இத்தகைய சிறு பேச்சுவார்த்தைகளில் கற்கப்படுகின்றது. ஒவ்வொருவரின் உறக்கப் பழக்கத்தையும் கணித்துத் தானே முடிவு செய்யும் கருவி வந்தபின், சண்டை ஓயலாம். ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுக்கும் வாய்ப்பும் அதனோடு ஓய்ந்துவிடக் கூடாது.

சுவருக்கு அப்பால் இருப்பவர்

அறைக்குள் இருப்பவரின் சொல்லே இறுதியானது என்று கொண்டால், ஏ.சி. வைத்திருப்பவர் தம் விருப்பம்போல் 16-இல் வைத்துக்கொள்ளலாமா? இவ்விடத்தில் நாம் அறையின் எல்லையை விரித்துக் காண வேண்டும்.

குளிர்சாதனம் வெப்பத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகின்றது. அறையின் வெப்பத்தோடு, தான் உண்ட மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்து வெளியே தள்ளுகின்றது. வெளிப்பெட்டி எந்தச் சந்தை நோக்கியிருக்கின்றதோ, அந்தச் சந்தில் சன்னலைத் திறந்து உறங்க முயல்பவர் அதை வாங்கிக்கொள்கிறார். அவருக்கு ஏ.சி. இல்லை, இருந்தாலும் இருமாத மின்கட்டணத்தை எண்ணி அணைத்து வைத்திருப்பார். அவ்வகையில் அவரும் நம் அறையில் பங்குடையவரே.

2020 ஜனவரி முதல், நட்சத்திரக் குறியீடு பெறும் அறைக் குளிர்சாதனங்கள் 24 பாகையை இயல்பு அளவாகக் கொண்டிருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதித்தது. ஒரு பாகை உயர்த்தி வைத்தால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிஞ்சும் என்பது அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு தரும் கணக்கு. நாம் மாற்ற விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மாற்றுமுன் ஒரு கணம் நின்று எண்ண அந்த எண் வாய்ப்பளிக்கின்றது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், படைப்பைப் பேணுவது பற்றி 2015-இல் வெளியிட்ட ‘லவ்தாத்தோ சி’ சுற்றுமடலில், தீங்கு தரும் நுகர்வுப் பழக்கத்திற்கு எளிய எடுத்துக்காட்டாகக் குளிர்சாதனப் பயன்பாடு பெருகுவதையே காட்டினார். உலக முழுமைக்கும் எழுதிய மடலில் அவர் ஒரு வீட்டுப் பொருளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது நம் சிந்தனைக்குரியது.

தொலைவில் உள்ள கை

மகனின் கை அன்புடையது. அண்டை வீட்டாரின் முகத்தையும் நாம் காண முடியும். முகமற்ற கை ஒன்றும் உண்டு. 2021 ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கடும் வெயில் அடித்தபோது, தம் வீட்டுத் தெர்மோஸ்டாட் தாமாகவே உயர்ந்திருப்பதைச் சிலர் கண்டு திகைத்தனர். மின்தேவை மிகும் நேரத்தில் வெளியிலிருந்து மாற்றிக்கொள்ள இசைவளிக்கும் திட்டம் ஒன்றில், பரிசுக் குலுக்கல் வாய்ப்புக்காக அவர்கள் முன்பே சேர்ந்திருந்தார்கள். திட்டத்தின் நோக்கம் நல்லதே. மின்சாரத்தைப் பகிர்ந்துகொள்வது பொது நலன். ஆனால் உணர்ந்து அளிக்காத இசைவு, தியாகமாகுமா? அயலாருக்காக நாமே விட்டுக்கொடுப்பது அறம். நாம் அறியாமல் நம்மிடமிருந்து எடுக்கப்படுவது வெறும் ஏற்பாடு.

மற்றொன்றையும் காண்போம். 2011-இல் விற்பனைக்கு வந்த நெஸ்ட் தெர்மோஸ்டாட், அறிவுள்ள வீட்டுக் கருவிகளின் முன்னோடியாகப் போற்றப்பட்டது. 2014-இல் கூகுள் நிறுவனம் அதை 320 கோடி டாலருக்கு வாங்கியது. அக்கருவியின் முதலிரு தலைமுறைகளுக்கான ஆதரவு 2025 அக்டோபர் 25-இல் முடிவுற்றது. சுவரில் அவை தொடர்ந்து இயங்கின. ஆனால் செயலி வழியே அவற்றை ஆளும் வசதி நின்றுபோனது. கருவி பழுதாகவில்லை, தொலைவில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது, அவ்வளவே. விலை கொடுத்து வாங்கிய பொருளிலும் ஒரு பகுதி பிறருடைய கையில் இருப்பதை அந்த நாள் பலருக்கு உணர்த்தியது.

நாம் எப்போது வீட்டில் இருக்கிறோம், எப்போது உறங்குகிறோம், எந்நாள்களில் வீடு பூட்டிக் கிடக்கிறது என்பவற்றை ஓர் ஏ.சி.யின் பயன்பாட்டுக் கணக்கிலிருந்து ஊகித்துவிடலாம். அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். நீதிமன்றம் காத்துத் தந்த உரிமையை, ஒரு தொடுதலில் நாமே கைவிட வேண்டியதில்லை.

நாம் செய்யத்தக்கது

அப்படியானால் இணைக்கவே கூடாதா? அவ்வாறு சொல்வது எளிது, சரியன்று. இணைப்பால் நன்மை பெறும் நோயாளிகளும் முதியவர்களும் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். இணைக்குமுன் சில ஒழுங்குகளை நமக்கு நாமே வகுத்துக்கொள்ளலாம். ரிமோட், அறையில் இருப்பவரின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். அதை இயக்க அவருக்குப் பொறுமையோடு கற்றுத் தருவோம். தொலைவிலிருந்து மாற்றுவோர், மாற்றுமுன் அழைத்துக் கேட்கட்டும், கேட்கும்போது “நல்லா இருக்கா?” என்று நில்லாமல், “கால்ல காத்து படுதா, குறைக்கட்டுமா?” என்று கேட்கட்டும். ‘நன்றாக இருக்கிறது’ என்ற சொல்லுக்குப் பின்னே மறைந்திருப்பதை வெளிக்கொணரும் கேள்வி அது. நிபந்தனைகளில் எவற்றுக்கு இசைகிறோம் என்பதை ஒருமுறையேனும் படித்துப் பார்ப்போம். வெளிப்பெட்டியைப் பொருத்துமுன் அதன் காற்று எவர் சன்னலில் படும் என்று தெருவில் நின்று பார்ப்போம்.

இவை பெரிய அறச்செயல்கள் அல்ல. ஆனால் பிறர் உடல் படும் துன்பத்தைக் கருத்தில் கொள்வதே அறத்தின் தொடக்கம் என்றால், அத்தொடக்கம் நிகழும் இடங்களில் வீட்டுப் படுக்கையறையும் ஒன்று. அறை எத்தனை பாகையில் இருக்கிறது என்பதைக் கருவி தவறாமல் தெரிவிக்கும். அங்கே இருப்பவருக்கு அது ஒத்துக்கொள்கிறதா என்று கேட்கும் பொறுப்பு நம்மிடமே இருக்கட்டும்.