டன்ராபினின் கைமரங்கள்

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில், கோல்ஸ்பி என்ற சிற்றூரை அடுத்து, கடலைப் பார்த்தபடி டன்ராபின் கோட்டை நிற்கிறது. சதர்லாந்து பிரபுக்களின் வீடு. 189 அறைகள். 1401-லேயே ஆவணத்தில் இதன் பெயர் வந்துவிடுகிறது. பழைய காவற்கோபுரத்தை இடிக்காமல் அதைச் சுற்றியே தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். கூம்புக் கூரைகளோடு இன்று தெரியும் தோற்றம் 1845-க்குப் பிந்தியது. வடிவமைத்தவர் சார்லஸ் பாரி. லண்டன் நாடாளுமன்றக் கட்டடமும் அவர் கைவண்ணம்தான்.

*

கோட்டையின் காலடியில் தோட்டம். கற்படிகளில் இறங்கினால் நீரூற்றுகள், அவற்றைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பூப்பாத்திகள், அப்பால் வடகடல். அந்தக் குளிரிலும் காற்றிலும் இதை வளர்த்தெடுத்த தோட்டக்காரர்களைக் கும்பிடத் தோன்றுகிறது. அழகை அழகென்று முதலில் சொல்லிவிட வேண்டும்.

*

1766-ல் தாயும் தகப்பனும் காய்ச்சலில் இறக்க, எலிசபெத் என்ற கைக்குழந்தைக்கு இந்த ஜமீன் வந்தது. அவர் மணந்த ஆங்கிலப் பிரபுவுக்குக் கால்வாய் வருமானம் கொட்டியது. அந்தப் பணத்தோடு ஒரு திட்டமும் வந்தது: உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் செவியட் ஆடுகள் மேயட்டும், அங்கே வாழும் குடியானவர்கள் கடற்கரைக்குப் போகட்டும். 1811-க்கும் 1821-க்கும் இடையில் ஆயிரக்கணக்கானோர் கிளப்பப்பட்டார்கள்.

*

கிளப்பப்பட்டவர்களின் வீட்டுக் கூரையைத் தாங்கிய கைமரங்களிலேயே மனம் நிற்கிறது. மரம் அரிதான சீமை அது. சுவரைப் புல்கரணையாலும் கல்லாலும் எங்கும் எழுப்பிக்கொள்ளலாம்; கூரை மரம் கிடைப்பதுதான் கஷ்டம். வீடு மாறினால் அதைக் கழற்றித் தோளில் சுமந்து போவார்கள். 1814-ல் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் அந்த மரங்களுக்குத் தீ வைத்தார்கள். மரம் போனால் திரும்பி வந்து குடியேற வழியில்லை. பேடின்லாஸ்கின் என்ற இடத்தில் எரிந்த வீட்டிலிருந்து தூக்கி வரப்பட்ட நூறு வயதை நெருங்கிய மூதாட்டி, சில நாட்களில் இறந்துபோனார். இதற்காக ஜமீன் காரியஸ்தர் பேட்ரிக் செல்லர்மீது 1816-ல் இன்வர்னெஸ்ஸில் வழக்கு நடந்தது; அவர் விடுதலை ஆனார். ஆட்களை வெளியேற்றிய அந்த நிலத்தை ஆட்டுப்பண்ணைக்குக் குத்தகை எடுத்திருந்தவரும் அவரே.

*

ஜமீன் பணம் செலவழிக்காமல் இல்லை. ஹெல்ம்ஸ்டேலில் துறைமுகம், புரோராவில் நிலக்கரிச் சுரங்கம், 1819-ல் கிளைனெலிஷ் சாராய ஆலை, சாலைகள், பாலங்கள். நல்லது செய்கிறோம் என்றே அவர்கள் நம்பினார்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. மாடு மேய்த்தவனுக்குக் கரையோரம் துண்டு நிலத்தைக் கொடுத்து, இனி ஹெர்ரிங் மீன் பிடித்துப் பிழை என்றால், கடல் அவனுக்கு என்ன உறவு? அவனை யாரும் கேட்கவில்லை.

*

எலிசபெத்தின் கணவர் 1833-ல் டியூக் ஆனார். அதே ஆண்டு இறந்தார். 1837-ல் கோல்ஸ்பிக்கு மேலே பென் பிராகி குன்றின் உச்சியில் அவருக்குச் சிலை வைத்தார்கள். நன்றியுள்ள குடிகள் எழுப்பியது என்கிறது கல்வெட்டு.

*

டன்ராபினைப் பார்க்கப் போகிறவர்கள் இன்னொரு நாள் ஒதுக்கி ஸ்ட்ராத்நேவருக்கும் போக வேண்டும். அங்கே ரோசல் என்ற ஊரின் வீட்டு அடித்தளங்கள் புல்லுக்கடியில் மேடுகளாகக் கிடக்கின்றன. 1962-ல் தொல்லியலாளர்கள் தோண்டிப் பார்த்த இடம். ஆற்றோடு வடக்கே போனால் கரையில் பெட்டிஹில். வெளியேற்றப்பட்டவர்களைக் குடியமர்த்திய ஊர். எலிசபெத் சீமாட்டியின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள்.