பறக்கும் வாத்தும் பஞ்சசீலமும்

பரத்பூர் சென்று திரும்பிய நம் சங்க அன்பர் ஒருவர், நூற்றுக்கணக்கான காட்டு வாத்துகள் நீரினின்று எழும் நிழற்படமொன்றைப் பௌர்ணமிக் கூட்டத்தில் காட்டினார். யாவரும் வியந்தோம். அவை எங்ஙனம் ஒருசேர எழுந்தன என வினவியபோது, “கைதட்டினேன்” என்றார். பின்னர், “சீலம் மீறினேனோ?” என அவரே கேட்டார்.

அவ்வேரியில் 1938 நவம்பர் 12 அன்று வைசிராய் லின்லித்கோ பிரபுவின் குழுவினர் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். அக்கணக்கு ஆங்கே கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. பெருமைக்கென வைத்த கல் இன்று சாட்சிக் கல்லாய் நிற்கிறது. 1985-இல் உலக மரபிடமாக ஏற்கப்பட்ட அவ்விடத்தில் இப்பொழுது துப்பாக்கிக்கு இடமில்லை; கேமராவே உண்டு. இரண்டிற்கும் உறவில்லாமலில்லை. பறவையின் பறத்தலைப் படமெடுக்க 1882-இல் பிரெஞ்சு அறிஞர் மாரே அமைத்த கருவி துப்பாக்கி வடிவிலேயே இருந்தது.

முதற்சீலம் மீறப்பட, உயிருள்ள பிராணி, அஃது உயிருள்ளதென்னும் அறிவு, கொல்லும் எண்ணம், முயற்சி, அதனால் நேரும் மரணம் ஆகிய ஐந்தும் கூடவேண்டும். நம் அன்பரிடம் கொல்லும் எண்ணமில்லை. ஒரு வாத்தும் சாகவில்லை. ஆகவே முதற்சீலம் பழுதுபடவில்லை.

அத்துடன் கணக்குத் தீர்ந்ததா? மாடு மேய்ப்பவன் கரையோரம் நடந்தாலும் வாத்து எழும். ஆயின் அவன் அதன் அச்சத்தை வேண்டியவனல்லன். நம் அன்பரோ அவ்வச்சத்தையே வேண்டினார். சேதனையே கம்மம் என்பது பகவன் புத்தர் போதனையன்றோ! இமயம் கடந்து வந்து, இரவில் இரைதேடிப் பகலில் இளைப்பாறும் பறவை தன் ஓய்வை நமக்குக் கொடுக்கவில்லை, நாமே எடுத்துக்கொண்டோம். இதனை இரண்டாம் சீலத்தின் மீறலென நாம் துணிந்து சொல்லோம். சீலத்தின் சொல்லை அவ்வளவு தூரம் இழுத்தல் முறையன்று. மைத்ரியில் நேர்ந்த குறை என்போம். குறை சிறிதே, எனினும் குறைதான்.

படமே எடுக்கலாகாதோ எனின், அங்ஙனமன்று. வாத்துகள் காற்றை எதிர்த்தே எழும் இயல்பின. காற்று முதுகிற்படுமாறு ஒதுங்கி அமர்ந்து, அவை தாமே எழும்வரை காத்திருப்பவனை நோக்கியே அவை வரும். வெருட்டப்பட்டவை வெருட்டியவனுக்குப் புறங்காட்டியன்றோ ஓடும்!

இதைக் கூறியதும் அன்பர் தம் படத்தை மீண்டும் எடுத்து நோக்கினார். அதில் ஒரு வாத்தின் முகமும் இல்லை, யாவும் வாலே.