காலமும் ஒரு காணிக்கை

கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு இரண்டே இரவுகள் எஞ்சியிருக்க, வீட்டு வேலைகளெல்லாம் ஓய்ந்தபின் விளக்கடியில் அமர்ந்து, வெள்ளைக் கைக்குட்டையின் மூலையில் தன் சகோதரனுடைய பெயரின் முதலெழுத்தைச் சங்கிலித் தையலால் அவசரமாகத் தைக்கும் ஒரு பெண்ணின் பரிசு, கடையில் வாங்கிய பட்டுக்குட்டையினும் உயர்ந்ததாகுமா என்பது தர்ம விசாரத்துக்குரிய கேள்வியே.

கீழ்த்திசை ஞானிகள் பெத்லகேமுக்குக் கொண்டுவந்த பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் அவர்கள் தம் கையால் இயற்றியவை என்று சுவிசேஷம் சொல்லவில்லை. ஆயினும் நட்சத்திரத்தை நோக்கி வந்த அந்தப் பிரயாணம் முழுவதும் அவர்களுடையது. எருசலேம் தேவாலயத்துக் காணிக்கைப் பெட்டியில் ஏழை விதவை இட்ட இரண்டு காசுகளை, தனவந்தர்கள் இட்ட திரவியத்தினும் மேலானதாக இயேசு மதித்ததற்குக் காரணம், அவள் தன் வறுமையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள் என்பதே. அந்த அளவுகோலைக் காலத்துக்கும் வைத்துப் பார்த்தால், அவகாசம் மிகுந்தவர் செய்த சித்திர வேலைப்பாட்டைவிட, அவகாசமற்றவள் இட்ட கோணல் தையலே பெருங்கொடை என்று துணியலாம்.

ஆனால், உற்றார் அனைவருக்கும் செய்தே தீருவது என்ற ஆவேசத்தில் அயர்ந்து, அருகிலிருக்கும் பிள்ளைகளிடம் சிடுசிடுப்போமாயின், அப்பரிசுகளில் அன்பைவிட அகங்காரமே மிகுந்திருக்கும். ஆகவே, காலம் குறுகியபோது எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒருவருக்கேனும், அவரையே நினைத்தபடி, ஒன்றைச் செய்து கொடுங்கள்.