ஒரு நாள் தியாகம் போதுமா?

1931-ம் ஆண்டில் கிங் விடார் இயக்கிய 'தி சாம்ப்' என்னும் அமெரிக்கப் பேசும் படத்தின் நாயகன், குடியாலும் சூதாலும் சீர்கெட்ட முன்னாள் குத்துச்சண்டை வீரன். சிறுவன் டிங்க் அவனுடைய ஒரே மகன். மகனுக்குக் கொடுத்த குதிரையையே சூதில் இழக்கிறான். அதை மீட்கவே மீண்டும் கோதாவில் இறங்கி வெல்கிறான். மகன் கண்ணெதிரே உயிர் துறக்கிறான்.

இது அன்பல்லவா? சந்தேகமின்றி அன்புதான். ஆனால், குடித்துவிட்டு வந்த தகப்பனைப் படுக்கையில் கிடத்திய அந்தப் பிள்ளைக்கு வேண்டியது குதிரையா? புத்தி தெளிந்த தகப்பனல்லவா?

ஆவேசத்தில் ஒரு நாள் உயிரைக் கொடுப்பது அரிது. அன்றாடம் ஒரு கோப்பையை மறுப்பது அதனினும் அரிது. தகப்பன்மாரே, பிள்ளைகள் உங்கள் சாவைக் கேட்கவில்லை. இன்று மாலை நீங்கள் தெளிந்தவராய் வீடு வந்தால் போதும்.